இடுப்பு ஆப்பரேஷனும் கர்ம பலனும்

உலகத்திலே மற்ற காரியங்களுக்கெல்லாம் காரணம் தேடிப் பார்க்கிற நம் மக்கள், உடம்பில் வலி என்று வந்துவிட்டால் மாத்திரம் அந்த வேலையைக் கோவிலுக்கும் சோதிடனுக்கும் குத்தகைக்கு விட்டுவிடுகிறார்கள். வயலில் தண்ணீர் நிற்கவில்லையானால் வரப்பில் நண்டு வளை எங்கேயிருக்கிறது என்று குனிந்து பார்க்கிறான். மாடு பால் குறைத்தால் தீனியைப் பார்க்கிறான். வண்டிச் சக்கரம் கிறீச்சிட்டால் மசகு போடுகிறான். ஆனால் தன் தாயாரோ தகப்பனாரோ இடுப்பெலும்பு முறிந்து, ரணசிகிச்சை செய்துகொண்டு, இரவெல்லாம் முனகிக்கொண்டிருந்தால், "இது போன ஜென்மத்தில் செய்தது, அனுபவித்துத்தானே தீர வேண்டும்" என்று சொல்லிவிட்டுப் போர்த்திக்கொண்டு தூங்குகிறான். வண்டிச் சக்கரத்திற்கிருக்கிற யோக்கியதைகூடப் பெற்ற தாயின் இடுப்புக்கு இல்லையென்றால், இதைச் சொல்லிக் கொடுத்த ஆஸ்திகத்தை நாம் என்னவென்று அழைப்பது?

கடவுளையும் சாதியையும் பற்றி எழுதுகிற பத்திரிகை இடுப்பு ஆப்பரேஷனைப் பற்றி எழுதுவானேன் என்று சில தோழர்கள் கேட்கலாம். 1947ஆம் வருஷத்தில் நம் நாட்டானின் சராசரி ஆயுள் சுமார் 32 வயதுதான். இன்று அது சுமார் 70 வயது. இப்படி ஆயுள் நீண்டது எந்தச் சாமியின் வரத்தாலும் அல்ல; அம்மை குத்தினதாலும், நல்ல தண்ணீராலும், ஆஸ்பத்திரியாலும் நீண்டது. நீண்ட ஆயுளோடு கிழட்டு எலும்பும் கூடவே வந்திருக்கிறது. புழக்கடை ஈரத்தில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த கிழவியில்லாத தெரு இன்று அபூர்வம். ஆகவே சாதாரண மனிதன் வீட்டில் கர்ம பலன் என்னும் சரக்கு விற்பனையாகும் இடம் இன்று கோவில் வாசல் மாத்திரமல்ல, நோயாளியின் கட்டிலடியும்தான். அங்கே போய்ப் பேசாமல் மேடையில் மாத்திரம் பேசிக்கொண்டிருப்பதில் பிரயோஜனமில்லை.

நமது தோழர் ஒருவரின் தாயார், வயது எழுபதுக்கு மேல், சென்ற மழைக் காலத்தில் இப்படித்தான் விழுந்தார். முதல் இரண்டு நாள் எண்ணெய்க் கட்டு. மூன்றாம் நாள் சோதிடர் வந்து கண்டம் கழிந்துவிட்டது என்றார். கண்டம் கழிந்தும் கால் ஒரு பக்கம் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தபடியால் நான்காம் நாள் சர்க்கார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். முறிந்த பந்தை எடுத்துவிட்டு உலோகப் பந்து வைத்தார்கள். வேலை நன்றாகவே முடிந்தது. ஆனால் அந்த அம்மாள் எழுந்து நிற்க மறுத்தார். மூச்சை இழுத்து விடவும் பயந்தார். நெஞ்சில் சளி கட்டிற்று. வலிக்கு மாத்திரை கொடுத்தும் இப்படியிருப்பானேன் என்று யாருக்கும் விளங்கவில்லை. படுக்கை மாற்ற வந்த நர்ஸ் பெண்தான் தலையணை உறைக்குள் பதினொரு மாத்திரைகளைக் கண்டெடுத்தாள். "முருகன் கொடுத்த வலியை மாத்திரை போட்டு ஏமாற்றினால் அடுத்த ஜென்மத்தில் இரட்டிப்பாய்க் கொடுப்பான்" என்றாராம் அந்த அம்மாள். அவருக்கு இதைச் சொல்லிக் கொடுத்தவர் யாரோ, அவர் தம் பல்வலிக்கு மாத்திரை தின்னாமலிருந்திருப்பார் என்று நாம் நம்பவில்லை.

கர்ம பலன் உண்மையானால் பாரசிட்டமால் வேலை செய்யக் கூடாதல்லவா? பாவம் செய்தவனுக்கு விதிக்கப்பட்ட தண்டனையை ஒரு ரூபாய் மாத்திரை ஆறு மணி நேரத்துக்குத் தள்ளி வைக்குமானால், ஒன்று அந்தத் தண்டனையை விதித்தவன் மாத்திரைக் கம்பெனிக்கும் கீழ்ப்பட்டவனாயிருக்க வேண்டும், அல்லது தண்டனை என்பதே பொய்யாயிருக்க வேண்டும். மாத்திரை கொலைகாரனுக்கும் கேட்கிறது, தர்மவானுக்கும் கேட்கிறது, சாதி பார்த்தும் கேட்பதில்லை. பூரண கும்பத்தோடு பவனி வருகிற மடாதிபதிக்கு மூட்டு தேய்ந்தால் அவர் போவது பெரிய ஆஸ்பத்திரிக்குத்தானே ஒழியப் பிரகாரத்துக்கல்ல. ஏழையின் வலிக்கு மாத்திரம் கர்மம் என்று பெயர். பணக்காரன் வலிக்குப் பெயர் ஆர்த்ரைட்டிஸ்.

இது நம் நாட்டு வியாதி மாத்திரமென்று நாம் சொல்ல வரவில்லை. 1846ஆம் வருஷம் அக்டோபர் 16ஆம் தேதி அமெரிக்காவில் பாஸ்டன் நகர ஆஸ்பத்திரியில் மார்ட்டன் என்பவர் ஈதர் ஆவியைக் கொடுத்து மனிதனை மயக்கி, வலி தெரியாமல் கட்டியை அறுக்கலாமென்று காட்டினார். மறு வருஷமே எடின்பரோ நகரத்து சிம்ப்ஸன் என்ற டாக்டர் பிரசவ வலிக்குக் குளோரோபாரம் கொடுத்தார். ஏவாளுக்குக் கடவுள் விதித்த வேதனையை மனிதன் போக்கலாமா என்ற ஆட்சேபம் வருமென்று கண்டு, அவர் 1847லேயே பதில் சொல்லி ஒரு துண்டுப் பிரசுரம் வெளியிட்டார். ஆதாமின் விலாவெலும்பை எடுக்குமுன் கடவுளே அவனை நன்றாகத் தூங்க வைத்தாரே, அது என்ன என்று கேட்டார். 1853ல் விக்டோரியா ராணி தம் பிரசவத்திற்குக் குளோரோபாரம் வாங்கிக்கொண்ட பிறகு சீமையிலே ஆட்சேபத்தின் குரல் தணிந்தது. அங்கே ராணி வாங்கிக்கொண்டால் வேதம் வளைந்து கொடுக்கிறது. இங்கே மந்திரி வாங்கிக்கொண்டாலும் கிழவியின் கர்மம் வளைவதில்லை.

இடுப்பு மூட்டின் கதையும் இப்படியே. இங்கிலாந்தில் ரைட்டிங்டன் ஆஸ்பத்திரியில் ஜான் சார்ன்லி என்பவர் தேய்ந்துபோன மூட்டுக்குப் பதிலாக உலோகப் பந்தும் பிளாஸ்டிக் கிண்ணமும் வைக்க முயன்றார். முதலில் வைத்த டெப்லான் கிண்ணங்கள் சில வருஷத்தில் தேய்ந்து கழன்று போயின. அவர் அதைத் தெய்வ சித்தம் என்று சொல்லவில்லை. ஏன் தேய்ந்தது என்று பார்த்தார். அந்தப் பிளாஸ்டிக் துகளை உடம்பு எப்படி ஏற்கிறது என்று அறியத் தம் துடையிலேயே செலுத்திப் பார்த்தார். 1962ஆம் வருஷம் நவம்பரில் பாலிஎத்திலீன் கிண்ணம் வைத்து வெற்றி கண்டார். இன்று கோடிக்கணக்கான ஜனங்கள் நடக்கிறார்களென்றால் இந்த மாதிரி மனிதர்களாலேதான். தோற்றால் தோற்றேன் என்று சொல்லி மறுபடி செய்து பார்க்கிற குணம் எந்தப் புராணத்து ரிஷிக்கு இருந்தது?

நிற்க, வலி என்பதுதான் என்ன? டாக்டர் தோலை அறுக்கிறார், தசையை விலக்குகிறார், எலும்பின் தலையை ரம்பத்தால் அறுத்தெடுக்கிறார், துடையெலும்பின் பொந்தைக் குடைந்து உலோகத் தண்டை இறக்குகிறார். அறுபட்ட இடத்திலே இரத்தமும் நீரும் கட்டி வீக்கமுண்டாகிறது. அங்கிருக்கும் நரம்புகள் இதைத் தண்டுவடத்துக்கும் மூளைக்கும் தெரிவிக்கின்றன. இது தபால்காரன் கொண்டு வரும் கடிதம் போன்றது, யாருடைய சாபமுமல்ல. 1965ஆம் வருஷத்தில் மெல்சாக், வால் என்ற இருவர் ஒரு விஷயத்தை எடுத்துக் காட்டினார்கள். தண்டுவடத்தில் ஒரு வாசல் போன்ற ஏற்பாடு இருக்கிறது. வருகிற செய்தியை அது சில வேளை அகலமாக விடுகிறது, சில வேளை நெருக்கி விடுகிறது. மூளையிலிருந்து வரும் கட்டளையும் அதில் சேருகிறது என்றார்கள். பயமும் தூக்கமின்மையும் வலியை வளர்ப்பதும், தைரியமான பேச்சும் மனதை வேறிடத்தில் செலுத்துவதும் வலியைக் குறைப்பதும் இதனால்தான் என்று ஊகிக்க இடமேற்பட்டது. வேண்டுதல் செய்த பிறகு வலி குறைந்தது என்று சொல்லுகிறவன் பொய் சொல்லுகிறான் என்று நாம் சொல்ல மாட்டோம். பயம் குறைந்தது, வலி குறைந்தது. அதற்கு வெள்ளியில் கால் உருச் செய்து உண்டியலில் போடத் தேவையில்லை. நாளைக்கு என்ன நடக்கும், எத்தனை நாள் வலிக்கும் என்று டாக்டர் கால் மணி நேரம் உட்கார்ந்து சொன்னால் அதே பயம் செலவில்லாமல் குறையும். அந்தக் கால் மணி நேரத்தைக் கொடுக்காத ஆஸ்பத்திரிகள்தான் பாதி ஜனங்களைக் கோவிலுக்கு அனுப்புகின்றன என்பதையும் நாம் சொல்லாமலிருக்க முடியாது.

அவர்கள் சொல்லாததை நாம் கொஞ்சம் சொல்லி வைக்கிறோம். முதுகிலே ஊசி போட்டு ஆப்பரேஷன் செய்தால் சில மணி நேரம் இடுப்புக்குக் கீழே மரத்துப் போயிருக்கும். அன்று மாலை பார்க்க வருகிறவர்களிடம் நோயாளி, "எனக்கு வலியே இல்லை" என்று சொல்லி மாத்திரையை வேண்டாமென்பார். நடு இரவில் மரப்பு நீங்கினதும் கத்துவார். வலி முற்றின பிறகு அதை அடக்குவது கஷ்டம். வருமுன் காத்தல் எளிது. ஆகையால் முதல் சில நாட்கள் வலி வந்த பிறகு மாத்திரை என்றில்லாமல் மணிப் பிரகாரம் மாத்திரை என்பதுதான் முறை. பாரசிட்டமால் சாதாரணமாக ஆறு மணிக்கொரு தரம் கொடுப்பார்கள். ஒரு நாளைக்கு 4 கிராமுக்கு மேல் கூடாது. மெலிந்த கிழவர்களுக்கும், கல்லீரல் கெட்டவர்களுக்கும், குடிக்கிறவர்களுக்கும் டாக்டர் இன்னும் குறைத்துக் கொடுப்பார். ஜலதோஷ மாத்திரையிலும் அதே சரக்கு கலந்திருக்குமாதலால் இரண்டையும் சேர்த்து விழுங்கி அளவு மீறக் கூடாது. கடையில் தானே போய் டைக்ளோபினாக் வாங்கித் தின்பது வயதானவர்களின் சிறுநீரகத்தையும் இரைப்பையையும் கெடுக்கும். இரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கிற மருந்தோடு சேர்ந்தால் உள்ளே இரத்தக் கசிவும் உண்டாக்கலாம். டிராமடால் போன்ற கடுமையான மருந்துகள் சில நாளைக்கு மாத்திரம். அவற்றால் மலச்சிக்கலும் குமட்டலும் தலைச்சுற்றலும் வரும். மலச்சிக்கலுக்கு மருந்தை அன்றே கேட்டு வாங்க வேண்டும்.

பூரணமாய் வலியே இல்லாமல் இருப்பது குறியல்ல. நன்றாக மூச்சு இழுக்கவும், சற்றுத் தூங்கவும், கம்பியைப் பிடித்துக்கொண்டு நாலடி வைக்கவும் முடிகிற அளவுக்கு வலி அடங்கினால் போதும். நடப்பதற்கு அரை மணி முக்கால் மணிக்கு முன் மாத்திரை போட்டுக்கொள்ள வேண்டும். ஆப்பரேஷனுக்கு மறுநாளே எழுப்பி நிறுத்த வேண்டுமென்பது இன்றைய வைத்திய முறை. நம் வீட்டிலோ, "பாவம், கிழவி, ஒரு மாசம் படுத்திருக்கட்டும்" என்கிறார்கள். அது இரக்கமல்ல. படுத்த படுக்கையில் காலில் இரத்தம் உறைந்து, கட்டி நுரையீரலுக்கு ஏறும். முதுகில் புண் வரும். தசை இளைத்துப் பிறகு எழுந்திருக்கவே முடியாமல் போகும். படுத்தபடியே கணுக்காலை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டிருப்பது இதற்கெல்லாம் முதல் காவல். துணியில் சுற்றின பனிக்கட்டியைக் கால் மணி நேரம் வைத்தால் வீக்கமும் வலியும் குறையும். வெறும் கட்டியைத் தோல் மேல் வைக்கலாகாது. பின்பக்கம் அறுத்து மூட்டு மாற்றினவர்களுக்குச் சில வாரம் வரை குந்துவதும், சம்மணமிடுவதும், கால் மேல் கால் போடுவதும் ஆகாது என்று சொல்லுவார்கள். மாடிப்படி ஏறும்போது நல்ல கால் முன்னே, இறங்கும்போது ஆப்பரேஷன் செய்த கால் முன்னே. அறுத்தது இடுப்பாயிருக்க வலி முழங்காலில் தெரியும். "இடம் மாற்றி அறுத்துவிட்டான்" என்று சண்டைக்குப் போகிறவர்கள் உண்டு. இடுப்பு மூட்டுக்கும் முழங்காலுக்கும் ஒரே நரம்பின் கிளைகள் போவதால் இப்படித் தெரிவதுண்டு.

பத்தியமென்று ஒரு பைத்தியம் இருக்கிறது. பருப்பு தின்றால் சீழ் வைக்கும், முட்டை தின்றால் புண் ஆறாது, கத்தரிக்காய் அரிக்கும் என்று, ஆப்பரேஷன் செய்துகொண்ட உடம்புக்கு ரசமும் சோறும் மாத்திரம் கொடுத்து வைக்கிறார்கள். சீழ் வைப்பது கிருமியால். அறுபட்ட தசை ஒட்டுவது புரதத்தால். அந்தப் புரதம் பருப்பிலும் முட்டையிலும் மீனிலும் இருக்கிறது. ஒட்டுவதற்கான சாமானைக் கொடுக்காமல் வைத்துவிட்டுப் பிறகு, "புண் ஆறவில்லையே, கண் திருஷ்டி" என்று பூசணிக்காய் சுற்றுவதில் என்ன அறிவு இருக்கிறது?

பெண்களின் வலி இன்னும் கேவலமாய் நடத்தப்படுகிறது. பூமாதேவியைப் போல் பொறுப்பவள் பெண் என்று சொல்லியே அவள் வாயை அடைத்துவிட்டார்கள். வலி பத்துக்கு எத்தனை என்று நர்ஸ் கேட்டால் ஆண்பிள்ளை எட்டு என்கிறான். அவன் மனைவி அதே காயத்தோடு, "தாங்கலாம்" என்கிறாள். அவன் மூன்று மாதம் சாய்வு நாற்காலியில் இருப்பான். அவள் மூன்றாம் வாரம் அடுப்படியில் நிற்பாள். கிழவர்களைக் கவனிக்கிற பாரமும் மருமகள் தலையிலேயே விழுகிறது. மகன் என்னமோ ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று போன் பேசுவதோடு சரி. மலஜலப் பாத்திரத்தை எடுத்து வைக்கிற வேலை ஆண்மைக்குக் குறைவு என்று எந்தச் சாஸ்திரம் அவனுக்குச் சொல்லிற்றோ தெரியவில்லை.

அந்தப் பாத்திரத்தைப் பற்றியே இன்னொன்று சொல்ல வேண்டும். பிறர் கையால் மலஜலம் எடுக்கும்படி ஆகிவிட்டதே என்று வெட்கப்பட்டுத் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிடுகிற நோயாளிகள் எத்தனையோ பேர். விளைவு, மலச்சிக்கலும் சிறுநீர்க் கிருமியும் புதிய வலியும். கம்பியூன்றி நடக்க வெட்கப்பட்டு வீட்டுக்குள்ளேயே கிடப்பவர்களும் உண்டு. மலஜலப் பாத்திரத்திலும் ஊன்றுகோலிலும் மானம் போவதில்லை. காலைக் கழுவின தண்ணீரைக் குடிக்கும்போது போகாத மானம் இதிலா போய்விடும்? நம் தோழர்களிலும் சிலர், "மாத்திரையே போடாமல் தாங்கினேன், நான் பகுத்தறிவுவாதி" என்று பெருமை பேசுகிறார்கள். இது அலகு குத்திக்கொண்டு காவடி எடுக்கிறவனுடைய பெருமையே தவிர வேறல்ல. பெரியார் 1973ஆம் வருஷம் டிசம்பர் 19ஆம் தேதி சென்னைத் தியாகராய நகரில் செய்த கடைசிப் பிரசங்கத்தின் நடுவே வலி தாங்காமல் வாய்விட்டு முனகினார். பிறகு தொடர்ந்து பேசினார். ஐந்தாம் நாள் வேலூர் ஆஸ்பத்திரியில் காலமானார். அவர் முனகினதை எவரும் மறைக்கவில்லை. மறைக்க வேண்டிய அவசியமுமில்லை.

சர்க்காரும் இதில் குற்றமற்றதல்ல. இந்தியா மருந்துக்காக அபினிப் பயிரை லைசென்சு கொடுத்துச் செய்கிற சில தேசங்களில் ஒன்று. மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் விளைகிறது. அன்னிய தேசங்களுக்கு ஏற்றுமதியாகிறது. ஆனால் 1985ஆம் வருஷத்துப் போதைப் பொருள் சட்டத்தின் கெடுபிடியால், புற்றுநோயால் துடிக்கிற நம் நாட்டானுக்கே மார்பின் கிடைப்பது குதிரைக் கொம்பாயிற்று. 2014ல் சட்டத்தைத் திருத்தினார்கள். பயமும் வழக்கமும் இன்னும் திருந்தின பாடில்லை. நம் மாகாணத்தைப் பொறுத்தவரை, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் இடுப்பு மூட்டு மாற்றத்துக்கு இடமிருக்கிறது. 2021ல் ஆரம்பித்த மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தில் வீட்டுக்கே வந்து உடற்பயிற்சி சொல்லிக் கொடுக்கும் ஏற்பாடும் சேர்ந்திருக்கிறது. கிராமத்துத் தோழர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய்க் கேட்க வேண்டும். இது நம் வரிப் பணம்; பிச்சையல்ல.

கடைசியாக, ஆப்பரேஷன் செய்துகொண்ட கிழவர்கள் இரண்டாம் மூன்றாம் இரவில் திடீரென்று தாறுமாறாய்ப் பேசுவதுண்டு. செத்துப்போன அண்ணன் ஜன்னலில் நிற்கிறான் என்பார்கள், ஊசியைப் பிடுங்குவார்கள், பெற்ற மகளை யாரென்று கேட்பார்கள். உடனே காற்றுக் கருப்பு என்று மந்திரவாதிக்கு ஆள் போகிறது. வேப்பிலை அடிக்கிறார்கள், விபூதியை மூக்கில் ஊதுகிறார்கள், நோயாளி மேலும் மிரளுகிறார். இது பேயுமல்ல, பைத்தியமுமல்ல. உடம்பிலே தண்ணீர் குறைந்தாலும், கிருமி சேர்ந்தாலும், கடுமையான மருந்து அதிகப்பட்டாலும், மலமோ மூத்திரமோ அடைபட்டாலும், தூக்கம் கெட்டாலும் முதிர்ந்த மூளை இப்படிக் குழம்பும். அடக்கப்படாத வலியே போதும் அதைக் குழப்ப. நம் தோழரின் தாயாருக்கும் இதுதான் நேர்ந்தது. மூன்று இரவு கத்தினார். மாத்திரைகள் அகப்பட்ட பிறகு, மணிப் பிரகாரம் நர்ஸ் பெண் எதிரில் நின்று விழுங்கச் செய்து, மூக்குக் கண்ணாடியை மாட்டி, ஜன்னலைத் திறந்து பகலைக் காட்டி, மகளைப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். மெல்ல மெல்லத் தெளிந்தார். நான்கு நாள் கழித்துக் கம்பியைப் பிடித்துக் கொண்டு கதவு வரை நடந்தார். "முருகன் கோபிக்கவில்லையா அம்மா?" என்று மகன் கேட்டதற்கு, "அவனுக்கு இடுப்பு முறிந்தாலல்லவா தெரியும்" என்றாராம்.

எலும்பு முறிந்தால் சோதிடனைக் கேட்டு ஆப்பரேஷனுக்கு நல்ல நாள் பார்க்கிற வழக்கத்தையும் விட வேண்டும். ஆஸ்பத்திரியில் சேர்ந்த அன்றோ மறுநாளோ செய்துவிட வேண்டுமென்று இங்கிலாந்தில் 2011லேயே வழிகாட்டி விதி செய்திருக்கிறார்கள். தாமதிக்கத் தாமதிக்க ஆபத்து கூடுகிறது. ஆப்பரேஷனான பிறகு வலி சாதாரணமாய் நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டே வர வேண்டும். சாயங்காலம் வீக்கம் சற்றுக் கூடுவதையும், கன்றின இரத்தம் முழங்கால் வரை இறங்கி நீலம் பாய்வதையும் கண்டு பயப்பட வேண்டியதில்லை. ஆனால் இறங்கின வலி திடீரென்று ஏறினாலும், கால் குட்டையாகித் திரும்பினாலும், கெண்டைக்கால் வீங்கி வலித்தாலும், காயத்தில் நீரோ சீழோ கசிந்து காய்ச்சல் கண்டாலும், நெஞ்சு வலித்து மூச்சு முட்டினாலும், அன்று அஷ்டமியா நவமியா, மணி ராகுகாலமா எமகண்டமா என்று பஞ்சாங்கத்தைப் புரட்டிக்கொண்டிராமல் அந்த நிமிஷமே 108க்குப் போன் செய்து வண்டியை வரவழைக்க வேண்டும்.